பேட்டரி அண்ணனின் ஷாக் பெட்டி

தேகப்பயிற்சியைப் போல முட்டாள்தனம் உலகத்தில் வேறு கிடையாது என்று நம்பிய ஒரே பயில்வான் எங்கள் பேட்டரி அண்ணன்தான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் அவருக்கு வேப்பங்காய். "மாடு செய்ற வேலைய மனுசன் ஏன்பா செய்யணும்? கரண்டு செய்யும். நீ சும்மா குந்திக்கினு இரு" என்பார்.

திண்டிவனத்தில் பேட்டரி ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். சொந்தப் பெயர் அவருடைய அம்மாவுக்காவது தெரிந்திருக்கும். 'பேட்டரி, திண்டிவனம்' என்று எழுதிப் போட்ட கடுதாசி ஒழுங்காக வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். நானும் அவரும் குப்பம்மாக்கா மெஸ்ஸின் மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். என்னைவிட நாலு வயது மூத்தவர்.

யுத்தகாலச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது ஒரு பழைய டெலிபோன் பெட்டியை வாங்கி வந்தார். அந்தக் காலத்து டெலிபோனில் மணி அடிக்க ஒரு கைப்பிடி இருக்கும். சுற்றினால் உள்ளே கரண்ட் பிறக்கும். அண்ணன் மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, நுனியில் பித்தளைக் குழாய்களை மாட்டினார். குழாயைக் கையில் பிடித்தால் ஷாக். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி உடம்பில் கட்டினால், அந்த இடத்துச் சதை தானாகத் துள்ளும். அவ்வளவுதான் பெட்டி. அதைத் தேகபலத்துக்கான சாதனம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளியனூரிலிருந்து, வேர்க்கடலை வாங்கி விற்கும் ஒரு மல்லாட்டை வியாபாரி தொப்பையைக் கரைக்க வந்தார். அண்ணன் இரண்டு பக்கமும் துணியைக் கட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். ஐயோ, அந்தத் தொப்பை ஆடிய ஆட்டம்! மேலே ஒரு ஆட்டம், கீழே ஒரு ஆட்டம். மனிதர் "யம்மாடீ!" என்று அலறிக்கொண்டு, கட்டிய துணியோடு ஓடிப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"பாத்தியா, எப்புடி ஓடுறாரு! வரச்சே நடக்கவே முடியாம வந்தாரு" என்றார் அண்ணன்.

இந்த மனிதரிடம் நான் போய் மாட்டியதற்குக் காரணம் ராஜேஸ்வரி. பிரம்மதேசத்து மாமாவின் மகள். நானோ மல்லாட்டை மண்டியில் மூட்டைக்கு நம்பர் போடுகிறவன். மாமா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "போலீசு உத்தியோகத்தோட வா, பொண்ணக் குடுக்கறேன். ஒரு வருசம் பாப்பேன். அப்புறம் வேற எடம் பாத்துடுவேன்." போலீசுக்கு மார்பு முப்பத்திரண்டு அங்குலம் வேண்டும். எனக்கு முப்பது. இரண்டு அங்குலத்தில் என் கல்யாணம் நின்றது.

"ரெண்டு அங்குலமா? பூ!" என்றார் அண்ணன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். என்னை முக்காலியில் உட்கார வைத்து, ஈரத் துணிகளை மார்பில் வைத்து, கட்டுவதற்கு வேறொன்றும் அகப்படாமல் தையற்காரர் டேப்பாலேயே இறுக்கிக் கட்டினார். சுற்றினார். என் மார்புச் சதை நான் கேட்காமலே குதித்தது. தோளில் வைத்தால் கை தானாக மேலே போனது. நான் தூக்கவில்லை, சத்தியமாக நான் தூக்கவில்லை! என் கையையே யாரோ அந்நியர் கை மாதிரி வேடிக்கை பார்த்தேன். வலியையும் மீறி, இது எப்படி நடக்கிறது என்ற ஆச்சரியம் எனக்குக் கடைசி வரை தீரவில்லை.

சனிக்கிழமைதோறும் அதே டேப்பால் அளவு எடுப்பார். முப்பதே கால். முப்பதரை. முப்பத்தொன்று. நாலு மாதத்தில் முப்பத்திரண்டு! நான் மாமாவுக்குக் கடுதாசி போட்டேன்.

குப்பம்மாக்கா மட்டும் கூழ் ஊற்றும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இருந்தபடியேதான் இருக்கற. தோ, இவன் கைதான் பெருத்துக்கினு போவுது. சொக்காயி கிழியுது பாரு" என்றாள். உண்மைதான், அண்ணனின் வலது சட்டைக்கை தையல் விட்டிருந்தது. நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழுப்புரத்தில் ஆள் எடுத்த அன்று அண்ணனும் கூடவே வந்தார். அளவெடுத்த ஏட்டையா என் மார்பில் டேப்பைச் சுற்றி, "முப்பது. போ" என்றார். அண்ணனுக்கு வந்ததே கோபம்! வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தார்.

"உங்க டேப்பு தப்புங்க! எங்க டேப்புல முப்பத்திரண்டு!"

ஏட்டையா இரண்டு டேப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். எங்கள் டேப் நாலு அங்குலம் குட்டை. தினமும் உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, அது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. என் மார்பு இருந்த இடத்தில் இருந்திருக்கிறது. மைதானமே சிரித்தது.

ஏட்டையா அண்ணனின் கையைப் பார்த்தார். "நீ வாய்யா இங்க" என்று வேடிக்கையாக அவர் மார்பை அளந்தார். முப்பத்துநாலு. "நீ வரிசையில நில்லேன்யா!"

"எனக்கு எதுக்குங்க? அவன எடுத்துக்கோங்க. அவனுக்குத்தான் பொண்ணு காத்துக்கினு இருக்குது."

ஊர் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் தன் வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு ராஜேஸ்வரியை நினைத்து அழுகை முட்டியது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அண்ணன் என் கதவைத் தட்டிவிட்டுப் போனார். நான் அவர் அறைக்குப் போனபோது முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் பித்தளைக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டில பலம் வர்றது நெசந்தான்பா. எந்தப் பக்கம் வருதுன்னுதான் நமக்குத் தெரியாம போச்சு. நீ சுத்து."

"உங்களுக்கு ஷாக் அடிக்குமேண்ணே! சும்மாவே சுத்தறேனே?"

"சும்மா சுத்துனா கைப்பிடி காத்தாட்டம் சுத்தும். கரண்டு எங்கியாவது போனாத்தான் கனக்கும். ஜல்தி சுத்து. ரெண்டு கையாலயும் மாத்தி மாத்திச் சுத்து, இல்லாட்டி என்னாட்டம் ஒரு கை பெருத்த நண்டு மாதிரி ஆயிடுவே."

ஆறு மாதம் சுற்றினேன். நான் மூச்சு வாங்கச் சுற்ற, அவர் "ஆ... ஊ... பேஜாருபா... நிறுத்தாத, நிறுத்தாத!" என்று துள்ளிக்கொண்டிருப்பார். ஒரு நாள்கூட அவர் குழாயைப் பிடிக்காமல் இருந்ததில்லை. அடுத்த முறை விழுப்புரத்தில் ஏட்டையாவின் டேப்பே முப்பத்திரண்டரை காட்டியது; போலீசில் எடுத்துக்கொண்டார்கள். மாமா கெடு சொன்ன வருசம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது எனக்கும் ராஜேஸ்வரிக்கும் நிச்சயமானது.

சில வருடங்கள் கழித்து, டெலிபோன் கம்பி இழுக்கிற ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு கம்பியையும் ஒண்ணா முறுக்கி வெச்சாலே கைப்பிடி நல்லா கனக்கும் சார். மனுசனே வேண்டியதில்லியே!"

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கேட்டுவிட்டேன். "இது உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"ரேடியோக்காரன் எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்." அவர் தோசையைப் பிட்டார். "ஆனா கம்பிய முறுக்கி வெச்சுட்டா நீ அஞ்சு மணிக்கு எழுந்து வருவியா? ரெண்டு நாள் வருவே, மூணாம் நாள் இழுத்துப் போத்திக்கினு படுத்துடுவே. ஒரு மனுசன் குழாயப் புடிச்சுக்கினு குந்தியிருந்தா, பாவமேன்னாவது வருவே இல்ல?"

ராஜேஸ்வரி தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். போலீஸ்காரன் அழக்கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை, தட்டுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அண்ணன் பதறிப்போய் என் தோளைப் பிடித்தார். "அட, இன்னாபா இது? ஷாக்கு கூட வெக்கல, அதுக்குள்ள அழுவுற!"