என் கடலில் நல்ல தண்ணீர் ஊற்ற மாட்டேன்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, மீன்கள் இரண்டு, பவளம் மூன்று கொத்து எல்லோரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தை விசாரிக்கும் மனநிலையில் இப்போது நான் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும்.

பன்னிரண்டு நாளைக்கு முன் போனில் தாங்கள் பேசியதற்குப் பதில் இது. போனில் என்னை வாய் திறக்க விடமாட்டீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

முப்பத்தோரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்கள் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கடையைச் சாத்துவார்கள். ஓய்வு பெற்றதும் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு நாலடிக் கண்ணாடித் தொட்டியை வைத்தேன். உப்பைக் கலந்து கடல்நீர் ஆக்கினேன், கல் அடுக்கினேன், அலை எழுப்ப மோட்டார் மாட்டினேன். ஆறு வாரம் மீன் விடக்கூடாது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் முதலில் குடியேற வேண்டும் என்று மீன் கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஆறு வாரமும் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தொட்டியை முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு "மீன் எங்கே?" என்றார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். தாங்கள் என்ன கேட்டீர்கள்? "கல்லை ஊறப் போட்டிருக்கீங்களே மாப்ளே, எப்பத் துவைக்கப் போறீங்க?" என்றீர்கள். லாண்டரிக்காரர் வாயில் வேறு என்ன வரும் என்று அன்றும் விட்டுவிட்டேன்.

பிறகு மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, ஒரு ஜோடி. இந்த இனத்தில் பெரியதுதான் பெண்சாதி, சின்னதுதான் புருஷன், புருஷன் அடங்கித்தான் நடக்கும் என்று கடைக்காரர் சொன்ன அன்றுதான் தங்கள் தங்கைக்கு இந்தத் தொட்டியைப் பிடித்தது. அதுவரை மோட்டார் சத்தத்தில் தலை வலிக்கிறது என்றவள், அதற்குப் பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் பெரியதுக்குக் குடும்பம் நடத்தும் யோசனைகள் சொல்ல ஆரம்பித்தாள்.

தொட்டித் தண்ணீர் தினமும் கால் அங்குலம் வற்றும். வாளியில் உப்பு கலந்து, ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு என்று உப்பளக்கும் கருவியில் பார்த்து, மயிரிழை பிசகாமல் நிரப்புவேன். வாளியை அளந்தேன், ஆகவே தொட்டியை அளக்கவில்லை. நான் முத்திரை வைத்ததை நானே சந்தேகப்படுவதா? ஒரு மாதம் இப்படிப் போனதும் மீன்கள் இரையைத் தொடவில்லை. சின்னது மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. "இதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தத் தொட்டியை நான் வீட்டுல வெக்க மாட்டேன்" என்றாள் தங்கள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. உண்மையைச் சொல்கிறேன், நான் பயந்து போனேன்.

அந்த நேரத்தில்தான் தாங்கள் போனில் வந்தீர்கள். "மாப்ளே, வத்துறது தண்ணிதான், உப்பு எங்கயும் போகாது. என் கடை ஆவி இஸ்திரிப் பெட்டியைத் திறந்து பாருங்க, உள்ளே உப்பு பொருக்குப் பொருக்கா நிக்கும். நீங்க தினம் உப்பு மேல உப்பு சேத்துட்டு இருக்கீங்க. இனி நல்ல தண்ணி ஊத்துங்க" என்றீர்கள். கடலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் முடிச்சுப் போட்ட முதல் மனிதர் தாங்கள்தான். உப்புத் தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு கிலோவால்தான் ஈடு கட்ட வேண்டும் என்பது சட்டம். "என் கையால் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் அதில் விழாது" என்று அன்றே சொன்னேன். "பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான் இவருக்கு" என்று தங்கள் தங்கை முனகியபடி போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

இப்போது கேளுங்கள். நான் என் முறையை விடவில்லை. காலையில் குளியலறையில் வாளியை அளந்து வைப்பேன், பேப்பர் படிப்பேன், பிறகு ஊற்றுவேன். வெயிலோ என்னவோ, இந்த நாட்களில் தண்ணீர் இரண்டு மடங்கு வற்றுகிறது, நானும் சளைக்காமல் இரண்டு மடங்கு ஊற்றுகிறேன். ஐந்தாம் நாள் பெரியது இரை எடுத்தது. எட்டாம் நாள் சின்னது மூலையை விட்டு வந்தது. நேற்று இரண்டும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு இரை கேட்டன. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அந்த ஜீவன்களுக்கு உப்பிட்டவன் நான். ஞாயிற்றுக்கிழமை வந்து தொட்டியைச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னீர்களாமே, தேவையில்லை. இஸ்திரிப் பெட்டி விஷயத்தைத் தாங்கள் எழுத்து மூலம் திரும்பப் பெற்ற பிறகு வந்தால் போதும்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், தங்களுக்கு என் கோபம் போக மிச்சமுள்ள அன்பும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறை எடுக்க எழுந்தேன். குளியலறையில் தங்கள் தங்கை நான் அளந்து வைத்த வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஃபில்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளா?" என்றேன். "அண்ணன் போன் பண்ணினதிலேருந்து. நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி தொட்டியிலேருந்தும் நாலு ஜக்கு எடுத்துடுவேன். ஒரேயடியா மாத்தினா மீன் தாங்காதுன்னு அண்ணன் சொன்னாரு" என்றாள். ஆக, பன்னிரண்டு நாளாக நல்ல தண்ணீரை ஊற்றியது என் கைதான். கருவியை முதல்முறையாகத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். இத்தனைக்குப் பிறகும் முப்பத்தேழு. அப்படியானால் அன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "உங்களுக்குப் புரிய வெக்கறதுக்குள்ள சின்னது செத்திருக்கும்" என்றாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கொடுங்க இப்படி, அண்ணன் ரெண்டு நாள் சிரிக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள். இதையும் எழுதவைத்து, உறையில் போட்டு ஒட்டப் போவதும் அவள்தான்.