எருமை வாங்கிய சிவப்புக் கார்

ஒரு காட்டில், கார் வைத்திருந்தவை பெரிய மிருகங்களாகவும் மற்றவை வெறும் மிருகங்களாகவும் வாழ்ந்துவந்தன. சடையாண்டி என்ற எருமை வெறும் மிருகம். தண்ணீர் வரி அலுவலகத்தில் முத்திரை குத்தும் உத்தியோகம். அடுத்த வாரம் மச்சினிக்குக் கல்யாணம்.

"போன கல்யாணத்துக்கு என் அக்கா ஜீப்புல வந்து இறங்குச்சு. இந்தத் தடவை நடந்துதான் போகணும்னா நான் வரல" என்றது மனைவி வடிவு.

சடையாண்டி பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு நரி ஏகாம்பரத்தின் பழைய கார் கடைக்குப் போனது. மூலையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் சடையாண்டி அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

"அண்ணே, அது வேணாம். வெள்ளத்துல முங்கின வண்டி, இன்ஜின் போயிடுச்சு. உங்க பட்ஜெட்டுக்கு இந்த வெள்ளைக் காரை எடுங்க. பழசுதான், ஆனா ஓடும்" என்றது நரி.

அந்த நரிக்குப் பொய் சொல்ல வராது. பிறவியிலேயே அப்படி ஒரு குறை.

சடையாண்டி யோசித்தது. நரியாவது, உண்மை சொல்வதாவது! சிவப்பை ஏதோ ஒரு புலிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது இந்த நரி.

"எனக்குச் சிவப்புதான் வேணும்."

"ஓடாதுன்னு எழுதியே குடுக்கிறேன் அண்ணே."

"எழுதிக் குடுக்கிற அளவுக்குப் போயிட்டியா?" சடையாண்டிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. பணத்தைக் கட்டியது.

காரைத் தன் பெயருக்கு மாற்றும் அலுவலகத்தில் மூன்று நாள் வரிசை. "ஓடும்னு எழுதினா ஓட்டிக் காட்டணும். ஓடாதுன்னு எழுதினா கையெழுத்து போதும்" என்றது அதிகாரி ஆமை. சடையாண்டி, நேரத்தை மிச்சப்படுத்த, ஓடாது என்றே எழுதியது. அந்தப் படிவத்தில் அது ஒன்றுதான் உண்மை.

கல்யாணத்தன்று காலை, நரி லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டிருந்த காருக்குள் சடையாண்டி வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து சாவியைத் திருப்பியது. கார் ஒரு முறை இருமியது. பிறகு இருமவும் இல்லை.

"இப்ப என்னடி பண்றது?"

கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த வடிவு, "கொம்பு எதுக்கு இருக்கு?" என்றது.

கொம்பில் கயிற்றைக் கட்டி மூன்று மைல் இழுத்தது சடையாண்டி. வழியெல்லாம் மான்கள் செல்ஃபி எடுத்தன. கழுத்து வலித்தது, பெருமையாகவும் இருந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டு யானை ஓடிவந்து கார் கதவைத் திறந்தது. வடிவுக்குப் பன்னீர் தெளித்தது. "பெட்ரோல் விக்கிற விலையில ஆள் வெச்சு இழுக்கிறீங்களே, வசதின்னா இதுதாம்மா வசதி!" என்றது. பிறகு சடையாண்டியைப் பார்த்து, "டிரைவருக்குச் சாப்பாடு பின்பக்கம்" என்றது.

சடையாண்டி மனைவியைப் பார்த்தது. வடிவு கண்ணாடியைக் கழற்றவில்லை.

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றது. யானை இன்னும் பக்கத்தில் நிற்பதைக் கவனித்துவிட்டு, "வாப்பா" என்று திருத்திக்கொண்டது.

நீதி: வாங்கும் கார் ஓடுமா என்று பார்க்க வேண்டியதில்லை. முந்திக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட வேண்டும்; வெளியே நிற்பவர் டிரைவர்.