சாமி குடித்த நாரங்காவெள்ளம்

விளையாட்டுக்காரர்கள் ஊக்கமருந்து சாப்பிட்டு மாட்டிக்கொள்வதைப் பற்றி இப்போது பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால் தான் சாப்பிட வேண்டிய மருந்தைத் தன் மேலதிகாரிக்குள்ளே இறக்கிவிட்ட வீரன் உலகத்திலேயே ஒருவன்தான். எங்கள் சாட்டம். வேறு யாராவது உண்டென்றால் எழுதிப் போடுங்கள், தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீசில் கிளார்க். ஜாகை தம்பானூரில் ஒரு லாட்ஜ். எங்கள் ஆபீசின் வாலிபால் டீமில் வலைக்கு மேலே எழும்பி அடிப்பவன்தான் என் அறைவாசி சாட்டம். மலையாளத்தில் சாட்டம் என்றால் குதிப்பு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. போனக்காடு தேயிலைத் தோட்டத்து ஆள். பனைமர உயரம். எந்த வாசலில் நுழைந்தாலும் எம்பி, வாசலுக்கு மேலே சுவரில் ஒரு தட்டு தட்டினால்தான் உள்ளே வருவான். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்த கை என்பதால் ஆபீஸ் சுவரில் ஐந்து விரலும் அச்சாக அப்பியிருந்தது.

மேட்ச் நாளில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பான். அங்கேயும் எம்பித்தான் அடிப்பான். சில்லு பறந்து போய் எதிர்க்கடைக்காரர் மடியில் விழும். அவர் பாவம், இவனைக் கண்டாலே குடையை விரித்துக்கொள்வார்.

இத்தனை பெரிய உடம்புக்கு ஒரே ஒரு பயம். மாத்திரை விழுங்கத் தெரியாது. காய்ச்சல் மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு அரைக் குடம் தண்ணீர் குடிப்பான். தண்ணீர் இறங்கும், மாத்திரை நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். கடைசியில் எதையும் பொடித்து நாரங்காவெள்ளத்தில் கலக்கித்தான் குடிப்பான். அதாவது எலுமிச்சை ஜூஸ், உப்பும் சர்க்கரையும் அள்ளிப் போட்டது.

அவன் வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கும் ஃபைல் எங்கள் சூப்பரின்டெண்ட் மேஜையில் வருஷக்கணக்காகத் தூங்கியது. சூப்பரின்டெண்ட் கோட்டைக்குள் அக்ரகாரத்துத் தமிழர், எல்லோருக்கும் சாமி. ஃபைல் மட்டும் தனியாகத் தூங்கியது என்று நினைக்காதீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் சாமியும் கூடவே தூங்குவார். கேட்டால், "ஆகட்டும், டீம் ஜயிச்சுண்டு வரட்டும், பாப்போம்" என்பார்.

இதற்குள் சாட்டத்துக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பச்சை முட்டை, ஆட்டுக்கால், முடக்கத்தான் கீரை, யார் எதைச் சொன்னாலும் தின்றான். குழம்பு என்று மலையாளத்து மூட்டுத் தைலம் ஒன்றை ஒழுக ஒழுகத் தேய்த்து லாட்ஜ் மாடிப்படியில் ஏறினான். பின்னால் வந்த மேனேஜர் படியில் கால் வைக்காமலேயே கீழே போய்ச் சேர்ந்தார். முழங்கால் மட்டும் மசியவில்லை.

அப்போதுதான் எதிர் டீம்காரன் ஒருவன் ரகசியம் சொல்லிக் கொடுத்தான். தூங்காமல் வண்டி ஓட்ட லாரிக்காரர்கள் போடும் மாத்திரை. நம் மைதானங்களில் அந்தக் காலத்தில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

முதல் தடவை பொடித்துக் கலக்கிக் குடித்துவிட்டு ஆடினான் பாருங்கள், வலிக்கிற முழங்கால் யாருடையது என்றே தெரியாத ஆட்டம். சாயங்காலம் அறைக்கு வந்தும் அடங்கவில்லை. என் துணியைத் துவைத்தான். பக்கத்து அறைத் துணியைத் துவைத்தான். காய்ந்த துணியை இறக்கி மறுபடி துவைத்தான். பேச்சு நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. டீயைக் கையில் கொடுத்தால் பாதி தரையில். மார்பில் கை வைத்துப் பார்த்தேன், செண்டை மேளம். மறுநாள் கிழிந்த பாயாகக் கிடந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்னவே இது, சாகப்போறியா?"

"வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் எல்லாம் போடுதான் அண்ணாச்சி. நான் போடலேன்னா நான் மட்டுந்தான் கிழவன். டீமுல இடம் போச்சுன்னா வேலை போச்சு. பெறவு மலையில கொழுந்துச் சாக்கு தூக்கணும். வீட்டுக்காரியும் மவளும் எப்ப கூட்டிட்டுப் போவேன்னு கேக்குதாங்க. மவ இங்க ஸ்கூளில் சேரணும் அல்லே?"

அவன் துவைத்துப் போட்ட துணியை எடுத்து மடித்தேன்.

அரையிறுதி ஆட்டம் வந்தது. சனிக்கிழமை, நல்ல வெயில். சாமியே பார்க்க வந்துவிட்டார். நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டார். ஆனால் பிறத்தியார் வாய் வைத்த தம்ளர் அவருக்கு ஆகாது. மைதானத்தில் எச்சில் படாத தம்ளருக்கு எங்கே போவது? கண்ணைச் சுழற்றினார். பெஞ்சடியில் சாட்டத்தின் பித்தளைத் தம்ளர், தட்டு போட்டு மூடி, ஒருவரும் தொடாமல் பளபளவென்று இருந்தது. எடுத்தார், அண்ணாந்தார், உதட்டில் படாமல் மொத்தத்தையும் ஊற்றிக்கொண்டார்.

"கசக்கறது. ஆனா ஒடம்புக்கு நல்லதாக்கும்" என்றார்.

சாட்டத்தின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வாயைத் திறந்தான், மூடினான், அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சாமி எழுந்து நின்றார். பிறகு கோட்டோரமாக நடந்தார். பிறகு ஓடினார். அம்பயருக்கு விதி சொல்லிக் கொடுத்தார். அம்பயர் அவரை வெளியே அனுப்ப, மடித்துக் கட்டிய வேட்டியோடு நேராக ஆபீசுக்குப் போய் அலமாரியைத் திறந்தார். இங்கே சாட்டம் பாவம், மருந்தில்லாத முழங்காலோடு நொண்டி நொண்டி ஆடி, நாங்கள் தோற்றோம். அவன் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

ஆபீசுக்கு ஓடினோம். அங்கே ஃபைல் மழை. தூசி தட்டி, படித்து, கையெழுத்துப் போட்டு, வீசிக்கொண்டிருந்தார் சாமி. பியூன் பொறுக்கி மாளவில்லை. வீசியதில் ஒன்று சாட்டத்தின் ஃபைல். 'நிரந்தரம் செய்யலாம்', கீழே கையெழுத்து.

அதை அவன் கையில் கொடுத்த நிமிஷம் சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேர்வை ஆறாக ஓடியது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு என்று சாமியின் வீட்டு மாமி அழுதாள். வழக்கமில்லாத எதையாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் சாட்டத்தைப் பார்த்தேன். அந்த ஃபைல் இன்னும் அவன் கக்கத்தில் இருந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நேராக டாக்டரிடம் போனான். "சாரே, என் மாத்திரையாக்கும். நான் ஆட்டத்துக்குக் கலக்கி வச்சது. அவரு தெரியாம குடிச்சிட்டாரு" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த மிச்ச மாத்திரைகளை மேஜையில் வைத்தான். ஃபைலை மாமியின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

விஷயம் தெரிந்ததால் வைத்தியம் சரியாக நடந்தது. சாமி பிழைத்தார். ஆபீசுக்குத் திரும்பியதும் சாட்டத்தைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏண்டா, நெஞ்சு அப்படி அடிச்சுக்கறதே, இதைக் குடிச்சுட்டா நீ தெனம் ஆடினே?"

"ஆமா சாமி."

"மடையா." ஃபைலைப் பிரித்தார். "இது நான் போட்ட கையெழுத்தில்லே. ஒன் மாத்திரை போட்டது. செல்லாதாக்கும்." குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"செரி சாமி" என்று சாட்டம் திரும்பினான்.

"எங்கேடா போறே? நில்லு." கையை நீட்டிக் காட்டினார். "நடுங்கறதா பாரு. இல்லியே?" அடித்த கையெழுத்துக்குக் கீழே, நிதானமாக, மறுபடி போட்டார். "இது நான் போடறது. இனிமே குதிக்கப்படாது. ரெக்கார்டு ரூம்ல ஒக்காரு."

ரெக்கார்டு ரூமில் உச்சித் தட்டுக் கட்டுகளை ஏணி இல்லாமல் எடுக்க ஓர் ஆள் கிடைத்தான். மனைவியும் மகளும் டிரங்குப் பெட்டியோடு தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, தேங்காய் உடைக்கப் போனவன் குதிக்காமல் நின்றபடி உடைத்தான். எதிர்க்கடைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து நின்றார்.

அதற்குப் பிறகு ஆபீஸ் வாசலில் அவன் எம்பவே இல்லை. ஆனால் சுவரில் அந்தக் கை இருந்தது. நான் ரிட்டயராகும் வரை, வெள்ளையடிக்க வந்த ஆட்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.