குறையே இல்லாத சர்க்யூட்

"ஏம்ப்பா, கோடு செத்துக் கெடக்கு?" என்றார் மேனேஜர் சுந்தரராமன்.

ஜெபசிங்கின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு நேர்கோடு நீட்டிப் படுத்திருந்தது. கழக்கூட்டத்துக் கம்பெனியில், ஆம்ப்ளிஃபயர் போர்டைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது அவன் உத்தியோகம். அவன் போட்ட சர்க்யூட்டில் குறையே கிடையாது. கம்பியில் தடை இல்லை, சூடு இல்லை, இரைச்சல் இல்லை. உள்ளே ஒன்றும் அனுப்பாவிட்டால் வெளியேயும் ஒன்றும் வராது.

அந்த உலகம் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே பஸ்கூடப் பழவங்காடி நெரிசலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொள்வான்.

"நெஜ போர்டுல அலை அடிக்கறதே!" லேபில் போர்டை அளந்து எடுத்த படத்தை நீட்டினார் சுந்தரராமன். "ரெண்டும் ஒண்ணா வரட்டும். அப்பறமா லீவு கேளு."

லீவு, கல்லாற்றங்கரைக்குப் போக. புதுப்பெண்டாட்டி பிரேமாவுக்குக் கொடுத்த வாக்கு.

கம்பிக்குக் கொஞ்சம் தடை கொடுத்தான். கோடு அசையவில்லை. கபாசிட்டரில் கசிவு வைத்தான். கோடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. நிமிர்த்தப் பார்த்தான், கம்ப்யூட்டரே உறைந்துபோயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

சனிக்கிழமை போயிற்று. அடுத்ததும் போயிற்று.

"கல்லாறு வத்துனப்பறம் கூட்டிட்டுப் போவியளோ?" என்றாள் பிரேமா.

"இன்னும் ஒரே ஒரு கொற வைக்கணும் பிரேமா. தீந்துரும்."

"கொறதானே வேணும்? உங்களுக்க கையில இருக்கியத எடுத்து வையுங்க. மிச்சமே வரும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க அவன் பாதிக் கனவில் இருந்தான். திரையில் ஆறு ஓடியது. பாறையில் உட்கார்ந்து பிரேமா கால் நனைத்தாள். கை தன்பாட்டுக்குக் குறைகளைச் சேர்த்துக்கொண்டே போயிற்று. சாயங்காலம் கோடு மெல்ல நடுங்கி, எழுந்து, அலையாய் ஆடத் தொடங்கியது.

சுந்தரராமன் இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அச்சு அசல்! குடுப்பா லீவு லெட்டரை!"

பேனா மூடியைத் திறந்தார். ஜெபசிங்குக்குக் கல்லாற்றின் சலசலப்பு காதில் கேட்டது. அந்த லேப் படத்தை எடுத்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த டெக்னீஷியன் அஜீஷ் அப்போதுதான் உள்ளே வந்து எட்டிப் பார்த்தான்.

"ஐயோ சாரே, அன்னிக்கு போர்டுக்குக் கரண்டே குடுக்கல்லியே! இது மேல எரிஞ்ச டியூப்லைட்டோட அலைய மீட்டர் புடிச்சதாக்கும். கரண்டு குடுத்தா நேர்கோடு தன்னே வரும்!"