உடைசல் மேடமும் ஒரு வெங்காயத் தோலும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து, ஒரு பொருள் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு முகம் மலர்ந்த ஒரே பிறவி உடைசல் மேடம்தான். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிராமப் பள்ளிகளுக்கு அறிவியல் கருவிகள் அடங்கிய பெட்டியைக் கொடுத்து, பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே செய்துபார்க்க வைக்கும் ஒரு திட்டத்தில் அவர் வேலை பார்த்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், பிறகு ஊர் ஊராக வந்து சோதிப்பதும் அவர் பொறுப்பு. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, ஒரு பக்கக் காம்பு இன்சுலேஷன் டேப்பில் நிற்கும் மூக்குக்கண்ணாடி. அவருடைய ஸ்கூட்டருக்கு ஹாரன் கிடையாது. உள்ளே எது கத்துகிறது என்று பார்க்கக் கழற்றியவர், பார்த்த சந்தோஷத்தில் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். ஆடு குறுக்கே வந்தால் வாயாலேயே "பாம் பாம்" என்பார். ஆடுகளும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும்.

முதல் பயிற்சி பெரம்பலூரில் நடந்தது. நாற்பது ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு புது டார்ச் லைட் கொடுத்தார். நாங்கள் நன்றி சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டோம்.

"உள்ள வெக்காதீங்க டீச்சர். பிரிங்க."

"கவரையா மேடம்?"

"டார்ச்ச."

நாற்பது பேரும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். எங்கள் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பாடம் நடத்தாவிட்டால்கூட யாராவது மன்னிப்பார்கள். ஒரு பீக்கர் குறைந்தால் ஓய்வுபெறும் நாள்வரை கேட்பார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்தார்.

"பிரிச்சு ஒடைஞ்சா யாரு பொறுப்புன்னு எழுதிக் குடுத்துருங்க மேடம்."

மேடம் ஒரு தாளை எடுத்து, 'இரு மாவட்டங்களிலும் ஏற்படும் எல்லா உடைசலுக்கும் நானே பொறுப்பு' என்று எழுதி, யாராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்தைப் போட்டார். சாப்பாட்டு இடைவேளையில் நாற்பது பேரும் அதை ஜெராக்ஸ் எடுக்க ஓடினோம். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

சோதிக்க வந்தால் இரண்டே கேள்விதான் கேட்பார். "என்ன ஒடைஞ்சுது? ஒடையறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுது?" எதுவும் உடையவில்லை என்றால் பீரோ திறக்கப்படவில்லை என்று அர்த்தம், பெட்டி வேறு பள்ளிக்குப் போய்விடும். வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பெட்டியைத் தெர்மாகோல்கூடக் கலையாமல் பெருமையாகக் காட்டினார்களாம். அன்று மாலையே அதை ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

இந்தச் செய்தி வந்தபோது, அடுத்தது நாங்கள்தான் என்று கணக்குப் போட்டுவிட்டேன். நான் வேலை பார்ப்பது குன்னம் பக்கத்து நடுநிலைப் பள்ளி. எங்கள் பெட்டி பீரோவில் இருந்தது, பீரோச் சாவி ஹெச்.எம். அரைஞாணில் இருந்தது. ஆயுதபூஜைக்கு மட்டும் மைக்ராஸ்கோப்பை வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, மறுபடி உள்ளே வைப்பார். நானோ பதினோரு வருடமாக வெங்காயத்தோல் செல்லைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த மைக்ராஸ்கோப் கைவிட்டுப் போனால் இனி எப்போதும் பார்க்கப் போவதில்லை என்று தெரியும்.

அதிகாரிகள் வரும்போது பக்கத்துப் பள்ளியிலிருந்து நல்ல பொருட்களை இரவல் வாங்கி அடுக்குவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில், இந்த முறை உடைந்த பொருளை இரவல் வாங்கினோம். திருமானூர்த் தோழி ஒருத்தி முனை உடைந்த முப்பட்டகக் கண்ணாடியை முறுக்கு டப்பாவில் வைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

மேடம் வந்தார். கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இது மூணாவது ஊரு டீச்சர். பாவம், ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுங்க."

ஹெச்.எம். முறுக்கு டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளினார்.

"அடுத்த வெள்ளிக்கெழம வரேன். உங்களுதா ஒண்ணு ஒடைச்சு வைங்க. இல்லன்னா பொட்டிய எடுத்துட்டுப் போயிருவேன்."

அன்று சாயங்காலமே ஹெச்.எம். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் முகம். "பாத்து டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு சின்ன வெங்காயம் வாங்கி, உள்தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, முதலுதவிப் பெட்டியிலிருந்த டிங்சரை ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான், வகுப்பு மறந்துபோய்விட்டது. பதினோரு வருடம் நான் சுண்ணாம்புக்கட்டியால் கட்டிய சுவர் உள்ளே பொன்னிறமாக நின்றது. கண்ணில் நின்ற நீர் இன்னொரு லென்ஸ் ஆகிவிட்டது. பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள், பிறகு சத்துணவு அக்கா, பிறகு ஹெச்.எம்.

ஹெச்.எம். குனிந்தவர் நிமிரவே இல்லை. "இன்னுங் கொஞ்சம் கிட்டக்கப் பாப்பம்" என்று பக்கத்துக் குமிழைத் திருகினார். தப்பான பக்கம். குழாய் இறங்கியது, கண்ணாடித் தகடு 'சடக்'கென்று இரண்டானது, லென்ஸில் ஒரு கீறல் விழுந்தது. ஹெச்.எம். சேவலைப் பறிகொடுத்தவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார்.

"என்ன ஒடைஞ்சுது?"

"மைக்ராஸ்கோப் மேடம். நான்தாங்க ஒடைச்சேன்" என்றேன். ஓய்வுபெற ஒரு வருடமே இருக்கும் மனிதர் ஹெச்.எம்.

"டீச்சர் பொய் சொல்றாங்க. நான்தாங்க" என்றார் ஹெச்.எம். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த தகட்டைப் பிரித்துக் காட்டினார்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "ஒடையறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுது?"

ஹெச்.எம். கண்ணை மூடிக்கொண்டார்.

"செங்கல் கட்டுனாப்புல வரிசையா இருந்துதுங்க. ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளயும் ஒரு புள்ளி. எங்க வூட்ல நாலு தலமுறையா வெங்காயந்தாங்க போடுறோம். உள்ள இப்பிடி ஒரு ஊரே இருக்குன்னு எங்கப்பாவுக்குத் தெரியாதுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த வேகத்தில் டேப் விட்டு, காம்பு தனியாகக் கையில் வந்தது.

"இன்னிக்கு ரெண்டு ஒடைசல்" என்றார். "பொட்டி இங்கயே இருக்கட்டும். புது லென்ஸ் அனுப்பி வெக்கிறேன்."

அந்தத் திட்டம் பிறகு வேறு மாவட்டத்துக்குப் போனது, மேடமும் கூடவே போய்விட்டார். பெட்டி எங்களோடுதான் இருக்கிறது. பீரோச் சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது. கதவின் உள்பக்கம் அந்த ஜெராக்ஸை ஒட்டியிருக்கிறோம். வகுப்பில் ஏதாவது விழுந்து உடைந்தால், பிள்ளைகள் பயந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள்; நான் ரோட்டுப் பக்கம் காதை வைக்கிறேன். அந்த "பாம் பாம்" இன்னொரு முறை கேட்குமென்றால், இருக்கிற ஒரே மைக்ராஸ்கோப்பையும் நானே கீழே போட்டுவிடுவேன்.