ஆவுடையப்பக் கரடியார் செய்த ஸ்பீக்கர்

ஒரு காட்டில் கரண்டு வந்தது. வந்த நாளிலிருந்து அங்கே ஒரு மிருகமும் சும்மா இருக்கவில்லை. மான் மிக்ஸி வாங்கியது, முள்ளம்பன்றி ஃபேன் மாட்டியது, ஆவுடையப்பன் என்கிற கரடியார் தன் குகையில் ஹோம் தியேட்டர் வைத்தார். டிவியைச் சுற்றி ஐந்து சின்ன ஸ்பீக்கர், மூலையில் ஊஃபர் என்று ஒரு குண்டுப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கம்பக்கத்து மிருகங்கள் படம் பார்க்க வந்துவிடும். கரடியார் படத்தை ஓடவிட்டால்தானே? இடி இடிக்கிற இடத்தையும் துப்பாக்கி சுடுகிற இடத்தையும் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, "புல்லட்டு காதுக்குப் பின்னாடி போச்சுல்லா? கேட்டியளா?" என்று வந்தவர்களை வதைப்பார். கதாநாயகி பிழைத்தாளா செத்தாளா என்பது அந்தக் குகையில் யாருக்கும் தெரிந்ததே இல்லை.

ஆனாலும் காட்டில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. "சவுண்டுன்னா ஆவுடையப்பன் அண்ணாச்சிதான்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தேனடையைப் பிழிந்து வாயில் விட்ட மாதிரி இருக்கும். வேறு எதிலும் அவருக்குப் பேர் கிடையாது. மீன் பிடிக்க வராது, மரம் ஏறினால் மூச்சு வாங்கும். இருந்தது அந்த ஒரு பேர்தான். அது போய்விட்டால் தானும் சாதாரணக் கரடிதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வருஷங்கள் போனதில் ஸ்பீக்கர்களுக்கு வயதாகிவிட்டது. ஸ்பீக்கருக்குள் அதிரும் பேப்பரைச் சுற்றியிருந்த ஃபோம் உதிர்ந்து கறுப்புப் பொடியாகக் கொட்டியது. பாட்டுப் போட்டால் கரகரவென்றது.

"அந்த ஃபோம் வளையம் மட்டும் சந்தையில தனியா விக்கிறாங்களாம்லா. வாங்கி ஒட்டிட்டா தீந்துது" என்றாள் அவர் மனைவி செண்பகவல்லி.

கரடியார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏட்டி, கடையில விக்கிறது பூராவும் டப்பா. நானே செய்யப் போறேன். செஞ்சாத்தான் சவுண்டு."

சொன்னதோடு விட்டிருக்கலாம். தண்ணீர்த் துறைக்குப் போய், எல்லா மிருகமும் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "இந்தக் காட்டுல ஒரு பயலும் இன்னைக்கு வரைக்கும் நெசமான சவுண்டைக் கேட்டதில்ல" என்று முழங்கினார். மான் வீட்டு ஸ்பீக்கரைக் குழம்புச் சட்டி என்றார். பழைய பெட்டிகளை அணில்களுக்குக் குடியிருக்கக் கொடுத்துவிட்டார். இனி பின்வாங்க வழியில்லை.

மிருதங்கம் செய்வது பலா மரத்தில்தான் என்று எங்கேயோ கேட்டிருந்தார். அதனால் காய்த்துக்கொண்டிருந்த பலாவை வெட்டினார். பெட்டிக்குள் பஞ்சு வைக்க வேண்டுமாம். வீட்டுத் தலையணைகளைக் கிழித்து இலவம் பஞ்சு முழுவதையும் உள்ளே திணித்தார். அன்று முதல் செண்பகவல்லி கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். பெட்டிகள் வளர்ந்து கரடியார் உயரத்தைத் தாண்டியதும் கட்டில் குகைக்கு வெளியே போனது. ஐந்து பெட்டி செய்யவில்லை, இரண்டே இரண்டுதான். "ரெண்டும் சரியா இருந்தா பேச்சு தானா நடுவுல வந்து நிக்கும். நடுப்பெட்டி வைக்கிறவனுக்கெல்லாம் காது கெடயாது" என்றார். செய்து முடித்த பிறகு பெட்டி பழக வேண்டும் என்று நாள் முழுக்க அதில் உஸ்ஸென்று வெறும் இரைச்சலை ஓடவிட்டார். செண்பகவல்லி அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்ச் சமைத்தாள்.

பெட்டிகளைப் போட்டுக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காடே குகைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தது. இரண்டு பெட்டிக்கும் சரிநடுவில் நாற்காலி போட்டுக் கரடியார் அமர்ந்தார். பக்கத்தில் ரத்தினவேலு நரி. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் காட்டுக்குப் படம் பிடித்துக் காட்டிப் பிழைப்பவன் அவன். "உலகத்தரம் மக்களே, உலகத்தரம்!" என்று படம் தொடங்கும் முன்பே சொல்லி வைத்துவிட்டான்.

கரடியார் இடியைப் போட்டார். இடி தும்மியது. பேச்சு வரும் இடத்தைப் போட்டார். கதாநாயகன் வாயசைத்தான். குரல் ஆற்றுக்கு அக்கரையில் யாரோ முனகுவது போல வந்து கலைந்து போனது. மான் முள்ளம்பன்றியைப் பார்த்தது. பேர் போயிற்று என்று கரடியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ரத்தினவேலு வாயைத் திறந்தான். ஏற்கெனவே சொல்லிவிட்டதை அவன் காப்பாற்றியாக வேண்டுமே. "ஆகா, என்னா விரிவு! சவுண்டு பெட்டியிலேருந்து வரவே இல்ல பாத்தியளா? குகை பூரா மெதக்குது!"

ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்குமா? "ஆமா, மெதக்குது" என்றது மான். "எனக்கு முள்ளெல்லாம் நட்டுக்கிட்டு" என்றது முள்ளம்பன்றி. அதற்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

செண்பகவல்லி டீ கொடுத்துக்கொண்டே நடுவரைக்கும் வந்தாள், திரும்பி இடது பெட்டியோரம் போய் நின்றாள். "என்னங்க, இந்தப் பெட்டி பக்கத்துல நின்னா பேச்சு நல்லாக் கேக்கு. நீங்க இருக்கிற எடத்துலதான் ஒண்ணும் கேக்கல. எதையோ மாத்தி மாட்டியிருக்கீங்க."

"சும்மா கெட. உனக்குக் காது பழகல" என்றார் கரடியார். குகை சிரித்தது. எல்லோரையும்விட ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அவர்களுக்கு எல்லாம் சரியாகக் கேட்டிருந்தது, அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கரடியார் பெட்டிகளின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். வலது பெட்டியில் சிவப்பு வயர் கறுப்பிலும் கறுப்பு வயர் சிவப்பிலும் மாட்டியிருந்தது. ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்திருக்கிறது. நடுவில் சந்தித்து இரண்டும் ஒன்றையொன்று தின்றிருக்கின்றன. வயரை மாற்றிப் போட்டார். குரல் நடு நாற்காலிக்கு நேரே வந்து ஆள் மாதிரி நின்று பேசியது. அவர் செய்த பெட்டிகள் உண்மையிலேயே நல்ல பெட்டிகள். கரடியாருக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தில் அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

வாசலில் சத்தம். ரத்தினவேலுவும் மானும் முள்ளம்பன்றியும் திரும்பி வந்திருந்தார்கள். "அண்ணாச்சி, அந்த விரிவு எங்க வீட்டுக்கும் வேணும். என்ன ரகசியம்னு சொல்லுங்க!"

உள்ளே வந்து இதைக் கேட்டால் விரிவு எங்கே என்பார்கள். தப்பாக மாட்டியது தெரிந்துபோகும். கரடியார் ஓடிப்போய் வயரைப் பழையபடி மாற்றிப் போட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் உள்ளே இருப்பது, பேர் வெளியே இருப்பது. கதவைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு பக்கம் மட்டும் செவப்பையும் கறுப்பையும் மாத்தி மாட்டணும். வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

வெளியே சொல்லாமல் இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் காடு முழுக்க ஒரு பக்கத்து வயர் மாறியது. சரியாக மாட்டியிருந்தவர்களைக் காது இல்லாதவர்கள் என்றார்கள். எந்த வீட்டிலும் படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை, யாருக்கும் அது குறையாகவும் படவில்லை. செண்பகவல்லி மட்டும் இடது பெட்டியோரம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கரடியார் வெளியே போன நேரங்களில் படங்களை முடிவுவரை பார்த்தாள்.

இப்பேர்ப்பட்ட மேதைக்கு விழா எடுக்காவிட்டால் எப்படி? எடுத்தார்கள். காட்டின் திறந்தவெளியில் மேடை, மேடைக்கு இரு பக்கமும் அவருடைய பெட்டிகள், முன்வரிசையில் சரிநடுவே அவருடைய நாற்காலி, மடியில் மாலை. பட்டம் கொடுக்கச் சிங்கமே வந்தது. சிங்கத்துக்கு எழுத்து வாசனை கிடையாது, வாயால் சொன்னதுதான் பட்டயம். வயதாகிக் குரல் ஒடுங்கியிருந்ததால் மைக்கைப் பிடித்தது.

சிங்கத்தின் வாய் அசைந்தது. ஆவுடையப்பன் என்று அசைந்த மாதிரி தெரிந்தது. அதற்குப் பின் வந்ததுதான் பட்டம். அது காற்றாகப் போயிற்று. கரடியார் காதைத் தீட்டினார், முன்னே சாய்ந்தார், ஒன்றும் இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்து வயரை மாற்றினால் கேட்கும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழவில்லை. எல்லோரும் கைதட்டியபோது அவரும் கைதட்டினார். பக்கத்தில் ரத்தினவேலுவின் போனும் சரிநடுவில் நின்று அந்தக் காற்றைத்தான் பதிவு செய்தது.

மறுநாள் மான் அவரை "நாதச் சக்கரவர்த்தி" என்றது. முள்ளம்பன்றி "ஒலி வேந்தே" என்றது. ரத்தினவேலு "காட்டின் காது" என்று தன் படத்துக்குத் தலைப்புப் போட்டான். கரடியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சிங்கத்திடம் போய் விசாரிக்க முடியாது. தன் பெட்டியில் தன் பட்டமே தனக்கு எட்டவில்லை என்று யாரிடம் சொல்வது?

செண்பகவல்லி விழாவில் இடது பெட்டியோரம் நின்றிருந்தாள். அது அவருக்கு ஞாபகம் வந்தது. அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சிங்கத் தலைவர் நல்லாப் பேசினாருல்லா?"

"நல்லாத்தான் பேசினாரு."

"பட்டம் கூட…"

"ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு" என்றாள் செண்பகவல்லி. பிறகு சிரித்தாள். கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தை இன்னொரு தரம் பார்த்து, மறுபடியும் சிரித்தாள்.

கரடியாரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

நீதி: தன் தப்பை ஊருக்கே பாடமாக நடத்துகிறவன் பெரிய மனிதனாவது உறுதி. பாராட்டு விழா அன்றைக்கு மட்டும் அவன் ஓரமாக உட்கார்ந்தால் போதும்.