பதினொரு டொலர் ஞானேஸ்வரி

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

அன்பு மகன் கஜேந்திரனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து பலருக்கு இதில் சந்தேகம் இருப்பதால் ஒரு தகவலாக எழுதுகிறேன். நீயும் ரதியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். மேற்கொண்டு மரியாதை எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த அறுவடைக்கான லேபலை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், என் பெயரும் படமும் இருந்தால்தான் அந்தப் பெரிய கடைக்காரர் உன் வைனை எடுப்பார்கள், எடுக்காவிட்டால் முந்திரிகைக் கொடிகளையெல்லாம் பிடுங்க வேண்டிவரும், ஆகவே "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்பதுதான் என் சொல். காரணத்தைக் கேள்.

இந்த ஆண்டுப் போத்தலில் என்னைக் கேளாமலே ஒட்டிய லேபலைச் செவ்வாய்க்கிழமை நீ குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாய். போத்தலோடு போட்டிருந்தால் பரவாயில்லை. லேபலை மட்டும் கிட்டவாகப் படமெடுத்து, மேலே "எங்கள் அம்மா" என்று எழுதி, கீழே ஒரு கும்பிடும் வைத்துவிட்டு நித்திரைக்குப் போய்விட்டாய். முட்டை வடிவச் சட்டத்துக்குள் என் படம். அதன் கீழே தமிழில் ஞானேஸ்வரி. இடப்பக்கம் 1947, நான் பிறந்த ஆண்டு. இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் நான் 1950 என்பதை நீ ஒரு கணம் யோசித்திருக்கலாம். வலப்பக்கம் இந்த ஆண்டு, பழம் பறித்த ஆண்டாம். நீ இங்கே வளர்ந்த பிள்ளைதானே? ஒரு மனுசியின் படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு போட்டால் நம் சனம் என்ன நினைக்கும்? முதலில் ரொறன்ரோவிலிருந்து "ஆழ்ந்த அனுதாபங்கள்" வந்தது. பிறகு லண்டன் "ஓம் சாந்தி" என்றது. நான் தொலைபேசியை சார்ஜில் போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தேன். தெஹிவளையில் இருக்கும் உன் மாமி கமலாம்பிகை என்னை இரண்டு தரம் அழைத்து, நான் எடுக்காததையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, நம் மாடிக் குடியிருப்புச் செயலாளர் ரெனால்டுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார். ரெனால்டுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. வாசிக்க என்ன இருக்கிறது? படமும் இரண்டு ஆண்டும் போதும். லிஃப்டில் அறிவித்தல் ஒட்டி, சங்கத்தின் பெயரில் மலர்வளையத்துக்கும் சொல்லிவிட்டார்.

(கதவு மணி அடிக்கிறது. இரண்டு நாளாக அது ஓயவில்லை. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.)

ஒன்றுமில்லை, தண்ணீர்ப் பில். எங்கே விட்டேன்? ஓம், முதலில் வந்தது மேல்மாடி ஜவாஹிறா. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம் என்று சோற்றுச் சட்டியோடு வந்திருந்தார். கதவைத் திறந்த என்னைக் கண்டதும் சட்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! ஆன்ட்டி, நீங்க ஈக்கிறீங்களா?"

"இருக்கிறன். ஏன்?"

"நீங்க மவுத்தாகிட்டீங்கண்டு ரெனால்ட் அங்கிள் லிஃப்ட்ல ஒட்டீக்கிறாரே!"

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூக்கடைக்காரர் ஆளுயர வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மளகெதர கொஹெத அம்மே?" செத்த வீடு எது என்று கேட்கிறார். இதுதான் என்றேன். "கவுத மளே?" யார் செத்தது என்று கேட்கிறார். களைத்துப் போயிருந்தேன், மகன். "மம" என்றேன். நான்தான். வளையத்தை என் கையில் தந்துவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியால் இறங்கினார். காசும் கேட்கவில்லை.

அந்த வளையத்தைப் பிடித்தபடி நான் வாசலில் நிற்க, லிஃப்டிலிருந்து உன் மாமி வெள்ளைச் சேலையும் ஏழெட்டுச் சொந்தக்காரருமாக, "என்ரை மச்சாளே, என்னை விட்டிட்டுப் போட்டியளே!" என்று வெளியே வந்தார். "சத்தத்தைக் குறையுங்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோதினை" என்றேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் கூட இருந்தது. எப்படி விளக்கினாலும் ஒருவருக்கும் ஏறவில்லை. கடைசியில் உன் சிநேகிதன் கொண்டுவந்து தந்து, நான் பிரித்தும் பாராமல் அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்த போத்தலை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் நானும் அந்த லேபலை நேரில் பார்த்தேன். சொந்தக்காரரில் ஒருவர் குனிந்து வைன் என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். மகன் அவுஸ்திரேலியாவில் நீர்ப்பாசனத்தில் இருக்கிறான் என்றல்லவா இத்தனை வருடமும் சொல்லிவந்தேன்? நீ தோட்டத்துக்கு ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறாய், அதில் பொய் இல்லை. உன் மாமி போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு நீங்கள் செத்தே இருக்கலாம், மச்சாள்" என்றார்.

அதையும் தாங்கினேன். தாங்க முடியாததைச் செய்தவர் ரெனால்ட். மன்னிப்புக் கேட்க வந்தவர் போத்தலை வைத்தியர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் தட்டினார். உங்கள் அவுஸ்திரேலியாவில் யாரோ ஒரு வைன் எழுத்தாளர் கையைக் கடிக்காத வைன்கள் என்று ஊரும் முந்திரிகை இனமுமாக வரிசைப்படுத்தியிருக்கிறாராம். கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங், தேசிக்காய் வாசம். ஹன்டரின் செமிலோன், இளமையில் மெலிவு, வயது போகப்போக வாட்டிய பாண் வாசம். பரோசாவின் ஷிராஸ், மக்லாரன் வேலின் கிரனாஷ். எல்லாம் முடிந்து கடைசி வரி: ரிவர்லாண்ட், மத்தாரோ, ஞானேஸ்வரி, பதினொரு டொலர். "வெரி அஃபோர்டபிள், மிஸிஸ் பூபாலசிங்கம்!" என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார். ஜவாஹிறா அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா, ஆன்ட்டி?" என்று பாவப்பட்டார். செத்ததற்குக்கூட அவர் அப்படிப் பாவப்படவில்லை.

பதினொரு டொலரா? என் பெயருக்குப் பக்கத்தில் மலிவு என்ற சொல் இதுவரை வந்ததில்லை. உன் அப்பா இருந்தபோதும் வந்ததில்லை, போனபிறகும் நான் வரவிடவில்லை.

எதையும் வாசிக்காமல் குறைசொல்லக் கூடாது என்று கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் பழக்கியதால் நேற்று முழுவதும் போத்தலோடு நீ அனுப்பிய வைன் கைநூலை வாசித்தேன். ஊரைச் சொல்லிப் பழத்தை வாங்குவது எனக்கு விளங்கும். நான் வெள்ளவத்தைச் சந்தையில் மாம்பழம் என்று கேட்பதில்லை, யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் என்றுதான் கேட்பேன். ஆனால் இந்த மத்தாரோ யார்? பிரான்சில் ஒரு பெயர், ஸ்பெயினில் ஒரு பெயர், உங்களிடம் வேறொரு பெயர். மூன்று பெயர் வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை. எல்லாப் பழமும் பழுத்த பிறகுதான் இது பழுக்குமாம், கடும் வெயில் கேட்குமாம். ஷிராஸோடும் கிரனாஷோடும் கலந்து அவற்றுக்கு முதுகெலும்பு கொடுத்துவிட்டு, பல இடங்களில் தன் பெயரே இல்லாமல் போகுமாம். அந்த வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அது வேறு விஷயம்.

எழுந்து பல்கனிவரை நடந்துவிட்டு வந்தேன். உன் கொடிகளைப் பிடுங்க வேண்டிவரும் என்று எழுதியதை மறந்துவிட்டு இதை எழுதுவதாக நினைக்காதே. மறக்கவில்லை. ஆனாலும் என் பெயரை எடு, படத்தை எடு. பதிலாகக் கங்காருவைப் போடு. அதற்குப் பிறந்த ஆண்டும் இல்லை, மச்சாளும் இல்லை. இதுவே என் முடிவு. இதை ரெனால்ட் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார். வாசிக்கத் தெரியாதவர் என்பதால்தான் அவரைப் பற்றியும் தயங்காமல் எழுதினேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. ரதிக்கு என் அன்பு. எல்லா நன்மையும் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

உன்னைப் பெற்ற,
ஞானேஸ்வரி பூபாலசிங்கம்

பி.கு.: ரெனால்ட் வாசலில் காத்து நிற்கும்போது உன் மாமி தொலைபேசி எடுத்தார். குரல் பாகாய் உருகுகிறது. "மச்சாள், ஒண்டும் நினைச்சுக்கொள்ளாதேங்கோ. தம்பி வெள்ளை வைனும் போடப்போறானாம் எண்டு கேள்வி. என்ன அது, ஃபியானோவோ? அதுக்கு என்ரை பேரைப் போடச் சொல்லுங்கோவன். கமலா எண்டால் வெள்ளைக்காரருக்கும் வாயிலை வரும். படமும் இப்பதான் அவனுக்கு அனுப்பிப்போட்டன்."

கஜேந்திரன், கங்காருவை விடு. சிவப்புக்கும் நான், வெள்ளைக்கும் நான், ரோஸ் நிறத்தில் ஒன்று போட்டால் அதற்கும் நான். ஓம், ஓம், ஓம். இதைக் கண்டவுடன் அச்சகத்துக்குச் சொல். மாமி அனுப்பிய படத்தைத் திறக்காதே.